பழைய புடவைப் போர்வை தைக்க வாக்கிங் ஃபுட்: யார் வாங்கலாம், யாருக்குத் தேவையில்லை

தையல் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற சாதாரண ஃபுட்டுக்குப் பதிலாக மாட்டுகிற வாக்கிங் ஃபுட்டை வாங்கலாமா என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் என்ன தைக்கிறீர்கள்? ஜாக்கெட், சுடிதார், புடவைக்கு ஃபால்ஸ், இவ்வளவுதான் என்றால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல கத்தரிக்கோல் வாங்கிக்கொள்ளுங்கள், வருஷக்கணக்காக உழைக்கும். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு என்று அடுக்கிப் போர்வை தைப்பவராக இருந்தால், அதிலும் பழைய புடவைகளை வெட்டித் தைப்பவராக இருந்தால், தள்ளிப்போடாமல் வாங்குங்கள். ரொம்ப நாளாக விதவிதமான துணியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது கரூர். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு என்று வெளிநாட்டுக்குத் தைத்து அனுப்புகிற ஊர், அதனால் ஏற்றுமதிக்குப் போக மிஞ்சின கட் பீஸ் இங்கே கிலோ கணக்கில் கிடைக்கும். வீட்டில் இரண்டு மெஷின் வைத்திருக்கிறேன். ஒன்று மாமியார் காலத்துக் கறுப்பு மெஷின், காலால் மிதிப்பது, நேர்த்தையல் மட்டும் போடும். இன்னொன்று கரண்டில் ஓடுகிற சாதாரண வீட்டு மெஷின், ஜிக்ஜாக் இருக்கிறது. அக்கம்பக்கத்து ஜாக்கெட், பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஜன்னல் திரை, நைட்டி எல்லாம் வரும், அதோடு போர்வையும் உண்டு. போர்வைக்குப் பெரும்பாலும் புதுத்துணி வராது. அம்மா கட்டிய சேலை, பாட்டி கட்டிய சேலை என்று ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அக்கா, எங்கம்மா கட்டினதுங்க, பார்த்து வெட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தத் துணியில் தப்பு செய்ய முடியாது. ஜாக்கெட் கொஞ்சம் கோணினால் பிரித்துத் தைக்கலாம், லைனிங் பத்தாவிட்டால் கடைக்குப் போய் இன்னும் அரை மீட்டர் டூ பை டூ வாங்கலாம். வருஷக்கணக்கில் துவைத்து மெலிந்த பருத்திச் சேலையில் தையலைப் பிரித்தால் ஊசி ஓட்டை வரிசையாக அப்படியே நிற்கும், சில இடத்தில் நூலோடு சேர்ந்து துணியும் நாராக வந்துவிடும். வேறு துண்டு வைக்கலாம் என்றால் அந்தச் சேலை உலகத்தில் ஒன்றுதான். அதனால் தையல் முதல் தடவையே சுருக்கம் இல்லாமல் விழ வேண்டும். இந்த ஃபுட்டின் மதிப்பே அங்கேதான் இருக்கிறது.

சாதாரண ஃபுட்டில் என்ன ஆகிறது என்று பார்த்தால் இது புரிந்துவிடும். மெஷினில் துணியை நகர்த்துவது கீழே இருக்கிற பல். அது அடித்துணியைப் பிடித்துப் பின்னால் தள்ளுகிறது. மேல்துணியை யாரும் தள்ளுவதில்லை, அது அடித்துணியோடு ஒட்டிக்கொண்டு போனால்தான் உண்டு, மேலே ஃபுட் வேறு அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மெல்லிய துணி என்றால் வித்தியாசம் தெரியாது. நடுவில் பஞ்சு வந்துவிட்டால் கீழ்த்துணி ஒரு வேகத்தில் போகும், மேல்துணி பின்தங்கி ஃபுட்டுக்கு முன்னால் அலையாகச் சேர்ந்துகொண்டே வரும், கடைசியில் குறுக்குத் தையல் வருகிற இடத்தில் மடிப்பாக விழுந்துவிடும். எத்தனை ஊக்கு குத்தினாலும் கொஞ்சமாவது நடக்கும்.

வாக்கிங் ஃபுட்டில் மேலேயும் பல் இருக்கிறது. பக்கவாட்டில் நுனி பிளந்த ஒரு கவை நீட்டிக்கொண்டிருக்கும், அதை ஊசியை இறுக்குகிற திருகின் மேல் மாட்ட வேண்டும். ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கவையும் ஏறி இறங்கி, உள்ளே இருக்கிற மேல்பல்லை நகர்த்தும். கீழ்ப்பல்லும் மேல்பல்லும் சேர்ந்து துணியைப் பிடித்து ஒரே அளவில் நகர்த்துவதால் மேல்துணி பின்தங்குவதில்லை. இதற்குத் தனியாக மோட்டார் எதுவும் கிடையாது, ஊசியின் அசைவே போதும், அதனால் மிதி மெஷினிலும் வேலை செய்யும். ஜெர்மனியின் ப்ஃபாஃப் கம்பெனி 1968-லேயே மேல்பல்லை மெஷினுக்குள்ளேயே வைத்து விற்க ஆரம்பித்துவிட்டது, அந்த மெஷின்கள் நம் வீட்டு பட்ஜெட்டுக்கு எட்டாத விலை. இந்த ஃபுட்டைத் தனியாக வாங்கி இருக்கிற மெஷினில் மாட்டினால் கிட்டத்தட்ட அதே வேலை நடக்கிறது, அதுவும் 1,000 ரூபாயை ஒட்டிய செலவில். பிராண்ட் பெயர் போட்டது இன்னும் விலை கூடும். நான் வாங்கியது பெயர் இல்லாத சாதாரண ரகம்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள், காம்பின் உயரம். ஃபுட்டை மெஷினில் பூட்டுகிற கம்பி இருக்கிறதே, அதில் திருகு இருக்கிற இடத்துக்கும் கீழே ஊசி இறங்குகிற தகட்டுக்கும் நடுவில் உள்ள தூரம். ஃபுட்டைக் கீழே இறக்கிவிட்டு ஸ்கேல் வைத்து அளந்தால் வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் அரை இஞ்சிலிருந்து முக்கால் இஞ்சுக்குள் வரும். அது குட்டைக் காம்பு, லோ ஷாங்க் என்று போட்டிருப்பார்கள். ஒரு இஞ்ச் அல்லது அதற்கு மேல் வந்தால் ஹை ஷாங்க். எனக்கு முதலில் அனுப்பியவர்கள் விளம்பரத்தில் "எல்லா மெஷினுக்கும் பொருந்தும்" என்று எழுதிவிட்டு ஹை ஷாங்க்கை அனுப்பிவைத்தார்கள், மாட்டப் போனால் ஃபுட் உயரமாக இருந்ததால் அடிப்பாகம் தகட்டில் இடித்தது, திருகு பூட்டுகிற இடத்துக்கு வரவே இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர்களோடு மல்லுக்கட்டியதில் ஒரு ஆர்டரே தாமதமாகிப்போனது. எல்லா மெஷினுக்கும் பொருந்துகிற வாக்கிங் ஃபுட் என்று ஒன்று கிடையாது. அப்படி எழுதியிருக்கிற இடத்தில் வாங்கவே வாங்காதீர்கள், உங்கள் மெஷினின் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டுவது கஷ்டமில்லை, பொறுமை வேண்டும். புதிய மெஷின்களில் சாதாரண ஃபுட் கிளிப் மாதிரி கழன்று வரும், அதை மட்டும் கழற்றினால் போதாது, அந்தக் கிளிப்பைப் பிடித்திருக்கிற காம்பையும் திருகு கழற்றி எடுக்க வேண்டும். ஊசியை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு பின்பக்கமாக நுழைத்து, கவை ஊசித் திருகின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெரிய திருகை ஸ்க்ரூடிரைவரால் இறுக்குங்கள். விரலால் இறுக்கினால் பத்தாது. பிறகு உடனே மிதித்துவிடாமல் கையால் சக்கரத்தை நம் பக்கமாக இரண்டு மூன்று சுற்று சுற்றி, ஊசி எங்கேயும் இடிக்காமல் துளைக்குள் இறங்குகிறதா என்று கவனித்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். கவை சரியாக உட்காரவில்லை என்றால் மேல்பல் அசையாது. மாட்டியதுபோலத்தான் தெரியும், வேலை மட்டும் நடக்காது.

மாட்டியதும் நான் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். ஒரே துணியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டு பட்டி, நடுவில் அதே நீளத்துக்கு மெல்லிய பஞ்சு, ஊக்கே போடாமல் ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்து விட்டுவிடுங்கள். சாதாரண ஃபுட்டில் கடைசிக்கு வரும்போது மேல்பட்டி கால் இஞ்சுக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. வாக்கிங் ஃபுட்டில் இரண்டு முனையும் சேர்ந்தே வந்தன. கால் இஞ்ச் என்றால் சின்னதாகத் தோன்றும், போர்வையின் ஒவ்வொரு வரிசையிலும் அந்தக் கால் இஞ்ச் எங்காவது போய் ஒளிந்தாக வேண்டும், அதுதான் நாம் பார்க்கிற சுருக்கம்.

சேலைப் போர்வையில் இன்னொரு சிக்கலும் உண்டு, துணிகள் ஒரே கனத்தில் இருக்காது. செட்டிநாட்டுச் சேலை கெட்டி, கரை இன்னும் கெட்டி. பக்கத்தில் ஒரு மல் பருத்தி, அதற்குப் பக்கத்தில் மதுரைச் சுங்குடி. சுங்குடியில் முடிச்சுப் போட்ட இடம் துவைத்துத் துவைத்து மென்மையாகியிருக்கும், கை வைத்தாலே தெரியும். கெட்டிக் கரையிலிருந்து மெல்லிய துணிக்குத் தையல் இறங்குகிற இடத்தில் சாதாரண ஃபுட் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், அங்கே தையல் குறுகி நாலைந்து ஒரே இடத்தில் குவியும். வாக்கிங் ஃபுட் அந்தப் படியை நிதானமாக ஏறி இறங்குகிறது, தையலின் நீளம் மாறுவதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய நிம்மதி. (சுங்குடியோ வேறு சாயத்துணியோ, வெட்டுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தச் சேலையை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.)

கையால் தைப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. வங்காளத்துக் காந்தாவாகட்டும், மராட்டியத்துக் கோதடியாகட்டும், கர்நாடகத்தில் சித்தி இனத்துப் பெண்கள் தைக்கிற கவந்தியாகட்டும், எல்லாமே ஓட்டுத்தையல், துணியை விரல் உணர்ந்துகொண்டே போகும், எங்கே தளர்கிறதோ அங்கேயே இழுத்துச் சரிசெய்துவிடலாம். கவந்தியை ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைப்பார்கள், பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும். எனக்கு அந்தப் பொறுமை உண்டு, நேரம்தான் இல்லை. ஒரு கட்டில் போர்வையைக் கையால் முடிக்க மாதக்கணக்கில் ஆகும், கொண்டுவந்து கொடுத்தவர் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார், கையில் இருக்கிற மற்ற வேலையும் நிற்காது.

மற்ற வேலை என்று சொன்னேன், அதைச் சொல்லாமல் இந்த ஃபுட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. வீட்டில் தைப்பவளுக்கு ஒரு நாளில் ஒரே வேலை என்று அமைவதில்லை. காலையில் சோறு ஆக்கி எல்லோரையும் அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் மேசையில் முகூர்த்தத்துக்கு அவசரமாக வேண்டிய பட்டு ஜாக்கெட் ஒன்று, பக்கத்து வீட்டுப் பையனின் முழங்கால் கிழிந்த பேன்ட், பாதி வெட்டிய ஜன்னல் திரை, தரையில் ஊக்குக் குத்தி வைத்த போர்வை என்று கிடக்கும், நடுவில் யாராவது வந்து, "அக்கா, இந்த ஃபால்ஸ் மட்டும் சாயங்காலத்துக்குள்ள வெச்சுக் குடுத்துருங்க" என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஊசி வேறு, நூல் வேறு, ஃபுட் வேறு. பட்டுக்கு 11-ஆம் நம்பர் ஊசி, சாதாரண ஜாக்கெட்டுக்கு 14, போர்வைக்கு 16. வாக்கிங் ஃபுட்டை மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் ஸ்க்ரூடிரைவர் எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் தைக்கிற நேரத்தைவிட மாற்றுகிற நேரம் அதிகமாகிவிடும், ஒரு கட்டத்தில் சலித்துப்போய்ச் சாதாரண ஃபுட்டிலேயே போர்வையை ஓட்டிவிடுவோம். வாங்கிய பலர் இதைப் பெட்டிக்குள் போட்டுவிடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் ஒரு நாளின் வேலையையே ஃபுட்டை வைத்துப் பிரித்துக்கொண்டேன். காலை நேரம் கறுப்பு மெஷினுக்கு. வெளிச்சம் நன்றாக இருக்கும், கண்ணும் தெளிவாக இருக்கும், ஜாக்கெட், பேன்ட், போர்வைக்கான கட்டம் சேர்ப்பது எல்லாம் அதில்தான். மதியம் வீடு அமைதியான பிறகு கரண்ட் மெஷின், அதில் வாக்கிங் ஃபுட் மாட்டியது மாட்டியபடியே இருக்கும், போர்வையின் அடுக்கை மட்டும் அதில் ஓட்டுவேன். ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே ஊக்குப் பட்டி, எம்மிங், ஃபால்ஸ், போர்வை ஓரத்தின் கைத்தையல். ஒரே மெஷின் வைத்திருப்பவர்கள் நாளைப் பிரிப்பதற்குப் பதில் வாரத்தைப் பிரித்துக்கொள்ளலாம், ஜாக்கெட் நாள், போர்வை நாள் என்று. மாட்டினால் ஒரு நாள் முழுக்க அதிலேயே தைக்கிற அளவுக்கு வேலையைச் சேர்த்துவைத்துவிட்டு மாட்டுங்கள்.

காலை வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் போனி ஹன்டர் என்கிற குவில்ட் (அடுக்குப் போர்வை) கலைஞர் பரப்பிய பழக்கம் இது. ஒரு தையலை ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் வெறும் நூல் ஓடி வீணாகாமல் இருக்க நாம் ஒரு வேண்டாத துணித் துண்டை விடுவோம் அல்லவா, அதற்குப் பதில் போர்வைக்கு வேண்டிய இரண்டு சின்னச் சதுரத்தை விட்டுச் சேர்த்துவிட வேண்டும். ஜாக்கெட் தோளைத் தைத்து முடித்ததும் நூலை அறுக்காமல் ஒரு ஜோடிச் சதுரம், கை வைத்ததும் இன்னொரு ஜோடி. தனியாக உட்காராமலே நாள் முடிவில், மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரம் சேர்க்கிற ஒன்பது கட்டத்துக்கு வேண்டியது டப்பாவில் சேர்ந்திருக்கும். ஜாக்கெட் நூல் சிவப்போ கரும்பச்சையோ என்றால் வெளிர் சதுரத்தில் அது தெரியும், அதனால் சாம்பல், சந்தன நிற நூல் மாட்டியிருக்கிற நேரத்தில் மட்டும் செய்வது நல்லது. அதோடு ஜாக்கெட்டுக்கு உள்பக்கம் தாராளமாகத் துணி விட்டுப் பழகின கை சதுரத்துக்குக் கால் இஞ்ச் மட்டும் விட வேண்டும், ஒரு நூலிழை கூடினாலும் ஒன்பது கட்டம் சேர்க்கும்போது மூலைகள் சேராது. தகட்டில் கால் இஞ்ச் அளந்து ஒரு டேப் ஒட்டிவையுங்கள். இந்தக் கட்டம் சேர்ப்பதற்கு வாக்கிங் ஃபுட் வேண்டாம். ஃபுட் அகலமாக இருப்பதால் கால் இஞ்ச் ஓரத்தைப் பார்க்க முடியாது.

மதிய வேலைக்கு வருகிறேன். ஒற்றைக் கட்டில் போர்வை என்றால் அறுபதுக்குத் தொண்ணூறு இஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலது பக்கத் தூணுக்கும் இடையில் ஆறு, ஆறரை இஞ்ச்தான் இடம். நடுவில் தைக்கும்போது போர்வையின் பாதி அந்தச் சந்துக்குள் சுருண்டு கிடக்கும், மீதிப் பாதி இடது பக்கம் தொங்கும். தொங்குகிற பக்கத்தின் கனம் துணியை இழுக்கும், இழுத்தால் எந்த ஃபுட்டாக இருந்தாலும் தையல் கோணத்தான் செய்யும். நான் மெஷின் மேசையைச் சுவரோரம் தள்ளி, இடது பக்கம் இன்னொரு மேசையை ஒட்டினாற்போல் போட்டுவிடுவேன், போர்வை முழுக்க மேலேயே கிடக்கும். நடுவில் ஆரம்பித்து ஓரத்தை நோக்கிப் போக வேண்டும். ஊக்கு ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒன்று, தையல் போகிற கோட்டில் குத்தாமல் கொஞ்சம் தள்ளிக் குத்துங்கள், ஃபுட் பெரிதாக இருப்பதால் ஊக்கின் மேல் ஏறினால் மாட்டிக்கொள்ளும். தையல் நீளம் 3, 3.5 மில்லிமீட்டர். 2.5-இல் வைத்தால் பஞ்சுக்குள் புதைந்து தையல் குட்டையாகத் தெரியும்.

ஃபுட்டோடு ஒரு வளைந்த கம்பி தருவார்கள், பின்பக்கத் துளையில் செருகுவது. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே தைத்த கோட்டின் மேல் அந்தக் கம்பியின் நுனியை ஓடவிட்டால் அடுத்த கோடு அதே தூரத்தில் விழும், சாக் கோடு போட வேண்டியதே இல்லை. பழைய சேலையில் கோடு போட்டால் போகுமா போகாதா என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு, இந்தக் கம்பி அதைத் தீர்த்துவைத்தது. இரண்டு இஞ்ச் இடைவெளியில் நேர்க்கோடுகள், வேறு எந்த அலங்காரமும் வேண்டாம், சேலையின் கட்டமும் கரையும் அதற்குமேல் தானாகப் பேசும்.

சரி, குறைகள். முதலாவது, ரிவர்ஸ் போகாது. மேல்பல் முன்னோக்கி நகர்த்துவதற்கு மட்டும் அமைந்தது, என்னிடம் இருக்கிற ரகத்தில் ரிவர்ஸ் அழுத்தினால் கீழ்ப்பல் ஒரு பக்கம், மேல்பல் ஒரு பக்கம் இழுக்கும். ஆரம்பத்திலும் முடிவிலும் தையல் நீளத்தைக் குறைத்து நாலைந்து சின்னத் தையல் போட்டு முடித்துவிடுங்கள். இரண்டாவது, வேகம். மெதுவாகவோ நடுத்தரமாகவோதான் ஓட்ட வேண்டும், முழுசாக அழுத்தினால் டக்டக்கென்று சத்தம் கூடி, கவை அடித்துக்கொள்ளும். பிள்ளைகள் தூங்குகிற நேரத்துக்கு இது சரிவராது. மூன்றாவது, இதுதான் முக்கியம், கவை ஏறி இறங்கி ஏறி இறங்கி ஊசித் திருகு மெல்லத் தளரும். கவனிக்காமல் விட்டால் தையல் நடுவே ஊசி கழன்று கீழே விழுந்து அடிநூல் இருக்கிற பாபின் கேஸில் மாட்டும். பாபின் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அந்தத் திருகையும் ஒருமுறை இறுக்கிவிடுவது என்று பழக்கமாக்கிக்கொண்டால் பிரச்சினை இல்லை. அப்புறம், சின்ன வளைவும் பூவும் கொடியும் இதில் வராது. நேர்க்கோடும் பெரிய வளைவும் மட்டும்தான். பூ, கொடி மாதிரி வேலைக்குக் கீழ்ப்பல்லை இறக்கிவிட்டு டார்னிங் ஃபுட் போட்டு, துணியை நாமே கையால் நகர்த்த வேண்டும், அது வேறு வித்தை. கண்ணுக்கு முன்னால் இவ்வளவு பெரிய ஃபுட் நிற்பதால் ஊசியில் நூல் கோக்கக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது, தானாக நூல் கோக்கிற லீவர் உள்ள மெஷின்களில் அந்த லீவர் இதில் இடிக்கலாம்.

போர்வையைத் தவிர வேறெதற்கு உதவும் என்றால், கட்டம் போட்ட துணியைக் கட்டத்தோடு கட்டம் சேர்க்க அருமையாக உதவும். யூனிஃபார்ம் கட்டத்துணியில் பக்கத் தையல் இடுப்பிலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் வந்தது. லைனிங் வைத்த ஜன்னல் திரையில் லைனிங் நீண்டு தொங்கவில்லை. திருப்பூர் பனியன் துணியில் நைட்டி தைத்தபோது கீழ்மடிப்பு அலை அலையாக விரியாமல் படிந்து நின்றது. வெல்வெட்டில் ஒரு துணி இன்னொன்றின் மேல் வழுக்கி நகர்வது பெருமளவு குறைகிறது. பட்டு ஜாக்கெட்டில் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். மேல்பல் மெல்லிய பட்டில் தடம் பதிக்கலாம், தேவையும் இல்லை.

பஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஃபுட்டைக் குறை சொல்பவர்கள் பல சமயம் தப்பான பஞ்சை வைத்துவிட்டுச் சொல்கிறார்கள். இலவம் பஞ்சு தலையணைக்குச் சரி, போர்வைக்கு உதவாது. வழுவழுப்பான குட்டை நார், நெசவு இடைவெளியிலும் ஊசி ஓட்டையிலும் வெளியே வரும், துவைத்தால் திரண்டுவிடும். பாலியஸ்டர் ஷீட் மலிவு, கனமில்லை, 100 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 100 கிராம்) போதும், ஆனால் கரூர் வெயிலுக்கு மே மாதத்தில் அதைப் போர்த்த முடியாது. பருத்தி ஷீட் கிடைத்தால் நல்லது, முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது வேறு. நடுவில் பஞ்சே வேண்டாம், அம்மாவின் சேலைகளில் கிழிந்தது, கறைபட்டது என்று மேலே வைக்க முடியாததை இரண்டு மடிப்பாக உள்ளே வைத்துவிடுவேன். கொண்டுவந்தவரிடம் அதைச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், எதுவும் வீணாகவில்லை என்பது அவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம். ஆனால் நாலு அடுக்குப் பருத்தி ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே இருக்கும், பஞ்சு மாதிரி ஒட்டிப் பிடிக்காது. வாக்கிங் ஃபுட் இல்லாமல் இதை மெஷினில் தைக்கவே நான் துணிய மாட்டேன்.

கடைசியில் ஓரம். இரண்டரை இஞ்ச் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, போர்வையின் மேல்பக்கம் வைத்து இதே ஃபுட்டில் சுற்றித் தையுங்கள், சாதாரண ஃபுட்டில் பட்டி முன்னால் தள்ளிக்கொண்டு போய் மூலையில் மிஞ்சி நிற்கும், இதில் நிற்காது. மூலைக்குக் கால் இஞ்ச் முன்னாலேயே நிறுத்திவிட்டு, பட்டியை மேலே மடித்து மறுபடி கீழே இறக்கி அடுத்த பக்கத்தை ஆரம்பிக்க வேண்டும். பட்டிக்கு நான் சேலையின் கரையைத்தான் வெட்டுவேன், கெட்டியாக இருப்பதால் ஓரம் சீக்கிரம் தேயாது. பின்பக்கம் மடித்துக் கையால் எம்மிங் போட்டுவிட்டால் முடிந்தது. தைத்து முடித்ததும் ஃபுட்டைக் கழற்றிக் கவிழ்த்து, பல்லுக்கு நடுவில் சேர்ந்திருக்கிற பஞ்சுத் தூசியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கவை அசைகிற இடத்தில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் விட்ட பிறகு முதலில் ஒரு கந்தல் துணியில் ஓட்டிவிட்டுத்தான் அடுத்தவர் சேலையில் வைக்க வேண்டும்.